நானூற்று முப்பத்தொரு மன்னிப்புகள்

லெபரான் என்கிற நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் செமாராங் ஊரில் எவருக்கும் கூச்சம் கிடையாது. வருஷம் பூராவும் என் முகத்தில் விழிக்காத ஆள்கூட, "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை உள்ளும் புறமும் மன்னித்தருளுங்கள்" என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார். கூடவே நாலு வரிக் கவிதை, ஒரு பள்ளிவாசல் படம், ஒரு கெத்துபாட் சோற்றுப்பொட்டலப் படம். அத்தனையும் எவரோ எழுதி, எவரோ அனுப்பி, கைமாறி வந்த சரக்கு. போன வருஷம் என் பல் டாக்டர் அனுப்பிய மன்னிப்பின் அடியில் "அன்புடன், சுப்ரப்தோ குடும்பத்தினர்" என்று இருந்தது. டாக்டரின் பெயர் சுப்ரப்தோ இல்லை. எந்தச் சுப்ரப்தோவின் பாவத்தை நான் மன்னித்தேனோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

பதில் போடாமலும் இருக்க முடியாது. பெரியம்மா நானிக் மூன்று மாதம் பொறுத்திருந்து, ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் கேட்க ஆரம்பிப்பாள். "ரெத்னோ இப்போ பெரிய ஆளாயிட்டா. நம்ம மெசேஜுக்கெல்லாம் பதில் போட அவளுக்கு ஏது நேரம், பாவம்!" அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதற்குப் பயந்தே செமாராங்கில் பாதி ஜனம் பதில் போடுகிறது.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஒரே காரியத்தை மூன்றாவது முறை கையால் செய்ய நேர்ந்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும்; அதை மிஷினிடம் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் என் போன் கத்தும். அரிசி டப்பா காலியானால் கடைக்கு ஆர்டர் போகும். மன்னிப்பு மட்டும் என்ன உசத்தி?

ஆகவே இந்த வருஷம் ஒரு புரோகிராம் எழுதினேன். யாராவது தனியாக அனுப்பும் செய்தியில் 'மன்னி' என்று தொடங்கும் சொல் இருந்தால் அது பதில் போடும். பன்னிரண்டு மாதிரிப் பதில்கள் எழுதி வைத்தேன். அனுப்பியவரின் வாட்ஸாப் பெயரை அதுவே சேர்த்துக்கொள்ளும். சந்தேகம் வரக்கூடாது என்று நாலிலிருந்து ஒன்பது விநாடி வரை காத்திருந்து அனுப்பும். அடியில் "ரெத்னோ, ஹர்யாதி, குடும்பத்தினர்" என்று மூன்று பேருக்கும் சேர்த்துக் கையெழுத்து. கணவர் ஹர்யாதியின் எண்ணையும் மகள் லின்தாங்கின் எண்ணையும் மட்டும் விலக்கி வைத்தேன். வீட்டு மனிதர்களுக்கு மிஷினைக் கொண்டு பதில் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகவில்லை என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் தக்பீர் முழங்க, அடுப்பில் ஓப்போர் கோழிக்குழம்பு கொதிக்க, மேஜையில் போன் டிங் டிங்கென்று தானே மன்னித்துக்கொண்டிருந்தது. நான் ஒருவிரல்கூடத் தொடவில்லை. என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன ரெத்னோ, சொர்க்கத்துக் கவுன்ட்டர் மாதிரி இருக்கு!" என்றார். சிரித்தார். சிரிக்கும்போது இடது கையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் கணவர், நான் 'மாஸ்' என்று கூப்பிடுகிறவர், ஓர் அரசாங்கப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். போன ஆகஸ்ட் பதினேழு, எங்கள் நாட்டுச் சுதந்திர தினத்தன்று, எங்கள் தெருவில் வழக்கம்போல அப்பளப் போட்டி. கயிற்றில் தொங்கும் குருப்புக் அப்பளத்தைக் கை படாமல் வாயாலேயே கவ்வித் தின்ன வேண்டும். இவரும் நின்றார். நான் அன்று சர்வர் கோளாறு என்று ஆபீஸில் கிடந்தேன். வாயை ஆவென்று பிளந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்க, கண் இரண்டும் மேலே செருகிய நிலையில் யாரோ இவரைப் படம் எடுத்துவிட்டார்கள். படத்தை வெட்டி, "இன்னும் கொஞ்சம்!" என்று எழுதி, ஸ்டிக்கராக்கி விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் அது ஊரைச் சுற்றியது. ஒரு மாதத்தில் நாட்டையே சுற்றியது. லஞ்சம் வாங்கி மாட்டிய அதிகாரி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அடியில் என் புருஷன் வாயைப் பிளந்துகொண்டு "இன்னும் கொஞ்சம்!" என்றார். அடுத்தவர் வீட்டுக் கத்திரிக்காயைக்கூட எடுக்காத மனுஷன். அவருடைய பள்ளிப் பெற்றோர் குழுவிலேயே, அவர் நன்கொடை பற்றி ஓர் அறிவிப்பு போட்டபோது யாரோ அந்த ஸ்டிக்கரைப் போட்டார்கள். நாற்பது பேர் சிரித்தார்கள். டிசம்பரில் தலைமையாசிரியர் பதவி காலியானது. வரிசைப்படி இவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதிலிருந்துதான் அந்த இடது கை, சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டு மேஜையில் கையால் ஓங்கித் தட்டிச் சொன்னேன்: "இதைச் செஞ்சவன் எவனா இருந்தாலும், லெபரானன்னைக்கு வந்து என் கால்ல விழுந்தாலும் மன்னிக்க மாட்டேன்." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தண்ணீர் குடித்தாள்.

பிறகு துப்பறிய இறங்கினேன். அந்தப் படத்தை இருநூறு தடவையாவது பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். நிழல் எங்கே விழுகிறது, தார்ப்பாய் எங்கே முடிகிறது என்று அளந்து, எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படம் என்று கண்டுபிடித்தேன். எதிர்வீட்டு கியோனோ அண்ணனுக்கு ஊர்ச் சிரிப்புப் படமெல்லாம் எடுத்துப் போடும் பழக்கம் உண்டு. போதாதா? அன்றோடு அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தினேன். அவர் மனைவி தாத்திக் அக்கா நோன்புக் கஞ்சியோடு வந்தபோது வாசலிலேயே, "எங்க வீட்டுல நிறைய இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன். அக்கா அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்போது பெருநாளுக்கு வருகிறேன். தொழுகை முடிந்து வந்ததும் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பெற்றோர் காலருகே மண்டியிட்டு, மடியில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். லின்தாங்குக்குப் பதினாறு வயது. மற்ற வருஷங்களில் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு அன்னாசிப் பிஸ்கட் டப்பாவைத் தேடி ஓடுவாள். இந்த வருஷம் என் மடியில் முகத்தைப் புதைத்தவள் எழுந்திருக்கவேயில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். பாவாடை நனைந்தது. எனக்கோ அடுப்பில் ஓப்போர் அடிப்பிடிக்கும் வாசனை வருகிறது. "சரி சரி, மன்னிச்சாச்சு, எந்திரிம்மா" என்று தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம். சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். பாட்டு முணுமுணுத்தாள். என் பின்னால் வந்து தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க நல்லவங்கம்மா" என்றாள். அந்த வயதுப் பிள்ளை காரணமில்லாமல் அப்படிச் சொல்லாது. புது போன் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு முன்னால், ஆபீஸ் நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளலாமே என்று புரோகிராமின் பதிவேட்டைத் திறந்தேன். வந்த செய்திகள் நானூற்று முப்பத்தொன்று. போன மன்னிப்புகள் நானூற்று முப்பத்தொன்று. ஒரு பிழை கிடையாது. யார் நீளமாக எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று நீளப்படி வரிசைப்படுத்தினேன். முதலிடம் பெரியம்மா நானிக், பன்னிரண்டு பத்திக் கவிதை. இரண்டாவது, என் போனில் பெயர் பதியாத ஓர் எண்.

"அம்மா, நான் லின்தாங். நேர்ல சொல்ல பயமா இருக்கு, அதான் நம்ம மாடியிலேர்ந்தே எழுதுறேன். அப்பா படத்தை எடுத்தது நான்தான். தாத்திக் அத்தை வீட்டு மாடியிலேர்ந்து எடுத்தேன். என் நாலு ஃபிரண்ட்ஸுக்கு மட்டும்தான் அனுப்பினேன், சிரிக்கிறதுக்கு. சத்தியமா அவ்வளவுதான். அது வெளியில போகும்னு தெரியாது. திரும்ப எடுக்கவும் முடியல. அப்பா வாயை மூடிக்கிட்டு சாப்பிடறதைப் பாக்குறப்பல்லாம் எனக்குச் சோறு இறங்கல. நீங்க மன்னிக்க மாட்டேன்னு சொன்னீங்க. இருந்தாலும் கேக்குறேன். மன்னிப்பீங்களா?"

போன மாதம் சலுகை விலையில் டேட்டா கிடைக்கிறது என்று சிம் மாற்றியிருந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் செருப்பு மாற்றுவதைவிட அதிகமாக சிம் மாற்றும். நான் விலக்கி வைத்திருந்தது அவளுடைய பழைய எண்ணை.

நாலு விநாடியில் பதில் போயிருந்தது. "அன்பு லின்தாங், முழு மனசோட மன்னிச்சாச்சு! இனி நமக்குள்ள கணக்குத் தீர்ந்தது, பூஜ்யத்துக்குப் பூஜ்யம்! எங்க தப்பையும் மன்னிச்சிடுங்க. ரெத்னோ, ஹர்யாதி, குடும்பத்தினர்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம், ஒரு கெத்துபாட்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற மகள்! தெருவையெல்லாம் அளந்தேனே, வீட்டுக்குள் அளக்கவில்லையே! அந்தக் கோபம் தீர்வதற்குள் இன்னொன்று உறைத்தது. கையெழுத்தில் ஹர்யாதியும் இருக்கிறார். அப்பாவுக்கும் தெரியும், அப்பாவும் மன்னித்துவிட்டார் என்று அல்லவா இந்தப் பெண் மூன்று நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது?

"ரெத்னோ, சோறு ஆறுது" என்று அவர் கூப்பிட்டார். போனைக் கையில் பிடித்தபடியே போய் உட்கார்ந்தேன். முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், அதற்குள் இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவர் ஓர் அப்பளத்தை எடுத்தார். இடது கை மேலே போனது.

"அப்பா, கையை எடுங்கப்பா" என்றாள் லின்தாங். "வீட்டுக்குள்ளயுமா? நீங்களும் மன்னிச்சிட்டீங்கன்னு அம்மா எழுதினப்ப நம்பவே முடியல தெரியுமா. நாலே செகண்ட்ல பதில்! நான் ஏழு மாசமா எழுதி எழுதி அழிச்சேன். நீங்க நாலு செகண்ட்ல மன்னிச்சிட்டீங்க."

அவர் மெதுவாக அப்பளத்தை வைத்தார். என்னைப் பார்த்தார். "என்ன எழுதினே?"

ஒரு பொய் போதும். 'அப்புறம் சொல்றேன், மாஸ்' என்று கண்ணைக் காட்டினால் அவர் புரிந்துகொள்வார். இருபது வருஷக் குடித்தனம். ஆனால் அந்தப் பிள்ளை என்னை அவ்வளவு நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தது. நான் சம்பாதிக்காத நன்றி அது. என்னால் தாங்க முடியவில்லை.

"அதை நான் எழுதல, லின்தாங். மிஷின் போட்டது. எல்லாருக்கும் போட்ட மாதிரி உனக்கும் போட்டுடுச்சு. உன் மெசேஜையே நான் இப்பத்தான் பார்த்தேன். அப்பாவுக்கு எதுவும் தெரியாது."

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். மெல்லிய குரலில், "மிஷின் சாயங்காலம் போட்டுச்சு. சரி. மறுநாள் காலையில கால்ல விழுந்தேனே, அப்போ? தலையில கைவச்சு 'மன்னிச்சாச்சு, எந்திரி'ன்னு சொன்னீங்களே, அதையும் மிஷின்தான் சொல்லுச்சா?"

ஓப்போர் அடிப்பிடித்தது என்றா சொல்வது? பத்தொன்பது வருஷமாக மிஷின்களைக் கட்டி மேய்க்கிறவள், போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தேன்.

அவர்தான் பேசினார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"எது?"

"படம் எடுத்தது யாருன்னு. அன்னைக்கே தெரியும். மாடியிலேர்ந்து இவதான் 'அப்பா, இங்க பாருங்க'ன்னு கூப்பிட்டா. நிமிர்ந்து பார்த்தேன். அதனாலதான் கண்ணு அப்படி மேல போயிருக்கு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு மாசமா நான் படத்தை வச்சுக்கிட்டு மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை சொன்னா என்ன, மாஸ்?"

"நீ ஒரு வார்த்தை கேட்டியா? நிழலை அளந்தே, தார்ப்பாயை அளந்தே. படத்துல இருக்கிறவன் எதிர்லயே உட்கார்ந்திருக்கேன், என்னைக் கேக்கல. அதுக்குள்ள மேஜையைத் தட்டி சபதம் வேற. கால்ல விழுந்தாலும் மன்னிக்க மாட்டேன்னு. அப்புறம் நான் எப்படி அவ பேரைச் சொல்லுவேன்?"

லின்தாங் அழ ஆரம்பித்திருந்தாள். "உங்களுக்கு என் மேல கோபமே வரலியாப்பா?"

"வராம? நல்லா வந்துச்சு. ரெண்டு மாசம் உன்கிட்ட சரியாப் பேசினேனா? நினைச்சுப் பாரு." அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "தினமும் காலையில உன்னை பைக்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோறேன்ல, கண்ணு. ஏறி உட்கார்ந்த ரெண்டாவது நிமிஷம் என் முதுகுல சாஞ்சு தூங்கிடுவே. நீ விழுந்துடப்போறியேன்னு ஒரு கையால உன் கையைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவேன். எத்தனை நாளைக்கு மனுஷன் கோபமா இருக்க முடியும்? அது எப்போ போச்சுன்னு எனக்கே தெரியல." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ முதல்ல எதிர்வீட்டுக்குப் போ" என்றார்.

எதிர்வீடு! சாப்பிடாமலே எழுந்தேன். ஒரு தட்டில் கையில் கிடைத்த பிஸ்கட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். தாத்திக் அக்கா கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, என்னையும் பார்த்து, "எங்க வீட்டுல நிறைய இருக்கே" என்றாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத்தானே வந்தேன்.

"அக்கா, படம் எடுத்தது எங்க வீட்டுப் பொண்ணு. தெரியாம உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"அதான் நாங்க அனுப்பினதுக்குப் பெருநாளுக்கு முந்தியே மன்னிப்பு அனுப்பிட்டியே. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்னு. நானும் இவரும் பார்த்துட்டு, பேச்சே இல்லாதவளுக்கு என்ன வந்துச்சுன்னு யோசிச்சோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இவர் அந்தப் போட்டிப் படத்தையெல்லாம் ஸ்டிக்கர் வந்த அன்னைக்கே அழிச்சிட்டார், தெரியுமா? ஹர்யாதிக்குக் கஷ்டமா இருக்கும்னு. நீ அவரை ரோட்டுல பார்த்தா முகத்தைத் திருப்பினே. அவர் பள்ளிவாசலுக்குச் சுத்துவழியா போயிட்டு இருந்தாரு, ரெத்னோ. எனக்கு உடனே சரியாகாது. உட்காரு. டீ குடிச்சுட்டுப் போ."

உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை கம்மியாக இருந்தது. கேட்க வாய் வரவில்லை. கியோனோ அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது, அங்கேயே அழுதேன்.

திரும்பி வந்தபோது லின்தாங் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை. நான் பக்கத்தில் போய் நின்று துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். நாலைந்து தட்டுகள் போயின.

"அம்மா."

"ம்."

"அப்பா மன்னிச்சிட்டார். நீங்க?"

மன்னித்தாச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது நான் எழுதிய பன்னிரண்டில் முதலாவது. முழு மனசோட என்று ஆரம்பிக்கும். மூடிக்கொண்டேன். இவர் பதவி போனது, கல்யாண வீட்டில் கையால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டது, அந்த நாற்பது சிரிப்பு, எல்லாம் கண்முன் வந்தது. இவள் என் உயிர் என்பதும் கூடவே வந்தது.

"இன்னும் இல்லடி" என்றேன். "கோபம் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஸ்கூல் என்னைக்குத் திறக்குது?"

"திங்கக்கிழமை."

"அப்பா ஓட்ட வேணாம். நான் பைக்ல கொண்டு விடறேன் இனிமே."

"நீங்களா? உங்க ஆபீஸ் அந்தப் பக்கம்மா. ஸ்கூல் இந்தப் பக்கம்."

"இருக்கட்டும்."

"நீங்க உருட்டி உருட்டித்தான் ஓட்டுவீங்க. ரொம்ப நேரமாகும்."

"ஆகட்டும்" என்றேன்.